கதவு பூட்டியிருந்தது

பிப்ரவரி 4

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இது பதிவுத் தபால், ஒப்புகை அட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டுத்தான் இதை வாங்கியிருக்க முடியும். ஆகவே 'எனக்கு வரவே இல்லை' என்று பிறகு சொல்ல முடியாது. முப்பத்தொரு வருஷம் ஊரார் கதவையெல்லாம் தட்டிக் கோர்ட் சம்மனைக் கையில் திணித்துவிட்டு வந்தவன் நான். சொந்த மகளிடம் ஒரு தாளைச் சேர்க்க மாட்டேனா?

போனில் பதினோரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். போன மாதம் நான் கத்தியது தப்புதான். நீ "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றது இரண்டாவது தப்பு. நான் பட்டென்று போனை வைத்தது மூன்றாவது. இரண்டுக்கு ஒன்று என்று நானே முந்திக்கொண்டு இருக்கிறேன். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று சொல்ல நீயும் விடவில்லை, என் வாயும் விடவில்லை. இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

உன் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் அத்தியாயத்தை அனுப்பி, "அப்பா, இதில நீங்க இருக்கீங்க" என்று ஒரு வரி போட்டிருந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவைத்தது. அப்படிப்பட்ட ஆள் ஒரு பல்கலைக்கழகத்துக் கட்டுரைக்குள் இருக்கிறேன் என்றால் சும்மாவா? அதை அச்செடுத்துக்கொண்டு கோர்ட் வாசல் டீக்கடைக்குப் போய்ப் பழைய கூட்டத்தைக் கூட்டினேன். ரெக்கார்டு ரூம்காரர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், டைப்பிஸ்ட் அம்மா. கட்டுரை இருந்த இங்கிலீஷ் டைப்பிஸ்ட் அம்மா ஒருவருக்குத்தான் சரியாக வரும். அவர் படிக்கப் படிக்க அப்படியே தமிழில் சொன்னார்.

நான் நூறு தடவை சொல்லி நீயும் சிரித்த கதைதான். சம்மனோடு ஒரு வீட்டுக்குப் போகிறேன். கதவைத் தட்டுகிறேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "வீட்ல யாரும் இல்லீங்க!" நானும் மரியாதையாக, "சரிம்மா, இல்லைன்னே எழுதிக்கிறேன்" என்று சொல்லி, 'கதவு பூட்டியிருந்தது, ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு, தாளைக் கதவில் ஒட்டிவிட்டு வருகிறேன். இந்த இடத்தில் டீக்கடையே சிரித்தது. "பசைக்காரர் கதையை வெளிநாட்டுல படிக்கிறாங்களா!" என்று சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். அதற்குப் பிறகு டைப்பிஸ்ட் அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடி சரியில்ல."

"போன வாரம்தானே மாத்துனீங்க?"

"அதான் சரியில்ல."

எல்லோரும் போன பிறகு கோர்ட் படிக்கட்டில் உட்காரவைத்து மிச்சத்தைச் சொன்னார். ஒட்டிய தாளையே தகவல் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் வராமலே தீர்ப்பெழுதிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். 'அநீதிக்கு வில்லன் தேவையில்லை, நகைச்சுவை உணர்வுள்ள ஒரு சிறிய ஊழியர் போதும்' என்று முடித்திருக்கிறாய். அந்த வரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எதுவும் இப்படி ஏறியதில்லை.

ஒன்று கேட்கிறேன். உன் கட்டுரையே எதைப் பற்றி? ஓர் ஆளைப் பாதிக்கிற முடிவை எடுக்கும் முன்னால் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், நாட்டு எல்லை தாண்டினாலும் அந்தக் கடமை போகாது என்றுதானே? எனக்கு எப்போது தெரிவித்தாய்? என்னை எப்போது கேட்டாய்? ஆளைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு எழுதிவிட்டாயே, கண்ணு.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. வேறு எதுவும் வேண்டாம்.

அப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள மகளுக்கு,

ஒப்புகை அட்டை வந்தது. உன் கையெழுத்து வந்துவிட்டது, எழுத்துதான் வரவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. மூன்றிலும் ஆள் கிடைக்காவிட்டால் கதவில் ஒட்டி, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். உனக்கு இது இரண்டாவது தடவை. மூன்றாவதிலும் நீ இல்லை என்றால் ஒட்ட வேண்டியதுதான். ஆனால் உன் கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டம்மா நேற்று, "பொண்ணு என்ன படிக்குது?" என்று மறுபடியும் கேட்டார். சர்வதேச உறவு, சட்டம், உலக அறம் என்றேன். "அப்படின்னா?" என்றார். எனக்கும் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்குகிறது. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் உறவை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அந்த வீட்டிலிருந்து ஒருத்தி நாடுகளின் உறவைச் சரிபண்ணப் போயிருக்கிறாள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்கிறது. டீக்கடைப் பக்கம் நான் போவதில்லை. போனால், "கட்டுரை என்ன ஆச்சு?" என்பார்கள்.

உன் அறைச் சுவரில் இருக்கிற உலகப் படம் ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது. ஒட்டினேன். ஒட்டுவதில் நான் கைதேர்ந்தவன் என்பதுதான் இப்போது உலகத்துக்கே தெரியுமே. படம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நீ இருக்கிற நாடு மேலே ஏறிவிட்டது. எக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்பா


மார்ச் 3

அப்பா,

இரண்டு கடிதமும் மேஜையில் இருக்கின்றன. முதல் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதினேன். நான்கிலும் நானே ஜெயித்திருந்தேன். அதனால் அனுப்பவில்லை.

டீக்கடையில் எல்லாரையும் கூட்டி வைத்துப் படிக்கச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியாது. போனில் நீங்கள் கத்தியபோது, யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். டைப்பிஸ்ட் ஆன்ட்டியின் கண்ணாடியை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு மேல் எழுத முடியாமல் பேனாவை இரண்டு தடவை மூடிவைத்தேன்.

ஆனால் அந்தப் பக்கம் எப்படி வந்தது என்று நானும் சொல்ல வேண்டும். ஆற்றின் மேல்பக்கத்து நாடு ஓர் அணை கட்டுகிறது. ஆறு வற்றிப்போவதால் கீழ்ப்பக்கத்து நாட்டில் முப்பது ஊர்கள் காலி செய்ய வேண்டும். 'அறிவிப்பு செய்தாகிவிட்டது' என்று ஒப்பந்தக் கோப்பில் இருக்கிறது. தேடிப் பார்த்தால், மேல்பக்கத்து நாட்டின் மொழியில் ஒரு தாள், மூடிக்கிடந்த ஒரு அலுவலகத்தின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். வகுப்பில் பதினான்கு பேர். அமைச்சர்கள், வக்கீல்கள், நிபுணர்கள் என்று எல்லார் பெயரும் சொல்லி முடித்தோம். பேராசிரியை கடைசியில் ஒன்று கேட்டார். "அந்தத் தாளை ஒட்டியவர் யார்? அவர் என்ன நினைத்துக்கொண்டு ஒட்டியிருப்பார்?"

அந்த மாதிரி ஆளை மற்றவர்கள் பார்த்ததே இல்லை. எனக்கு மட்டும் அவரைத் தெரியும். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அன்றைக்குத்தான் அந்தக் கதை எனக்குச் சிரிப்பில்லாமல் கேட்டது. அதைப் பெருமையாகத்தான் உங்களுக்கு அனுப்பினேன் என்றால் நம்புவீர்களா? உண்மையான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை. அதைப் படிக்கப்போவது யார் என்று யோசிக்கவே இல்லை.

நீங்கள் சொன்னது சரி. உங்களைக் கேட்காமல் எழுதினேன். இதைப் பேராசிரியையிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார், பிறகு, "உன் அப்பாவை இங்கே சேர்த்திருக்க வேண்டும்" என்றார். பக்கத்தை எடுக்க மாட்டேன், அப்பா. ஆனால் இப்போது முறைப்படி கேட்கிறேன். ஏப்ரல் கடைசியில் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். அதற்குள் பதில் வேண்டும்.

அந்தப் பெண் உள்ளே இருந்தது உங்களுக்குத் தெரியும். ஒட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியுமா? அது அவருக்குத் தெரியுமா?

நீங்கள் சொல்வது எதுவாக இருந்தாலும் ஒரு எழுத்து மாற்றாமல் போடுவேன்.

மகள்


மார்ச் 15

அன்புள்ள மகளுக்கு,

உன் நோட்டீஸ் கிடைத்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால்காரர், "என்ன சார், இப்ப உங்களுக்கே சம்மனா?" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்று நாள் ஒன்றும் எழுதவில்லை. கோர்ட்டில் எத்தனையோ பேர் கூண்டில் ஏறித் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், 'உண்மையைச் சொல்லிட்டு இறங்க வேண்டியதுதானே, என்ன கஷ்டம்' என்று நினைத்திருக்கிறேன். அவர்களிடமெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கதையாகச் சொன்னது பாதிதான். நடந்தது இது.

முதல் இரண்டு தடவை போனபோது சத்தமே இல்லை. மூன்றாவது தடவை மதியம் போனேன். தட்டினேன். "வீட்ல யாரும் இல்லீங்க" என்ற குரல் வந்தது நிஜம். "சரிம்மா, இல்லைன்னே எழுதிக்கிறேன்" என்று சொன்னதும் நிஜம். அதோடு கதையை நான் வெட்டிவிடுவேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் கதவருகே வந்து மெதுவாக ஒன்று கேட்டார்.

"ஐயா, இல்லைன்னு எழுதினா என்னங்க ஆகும்? விட்டுருவாங்களா?"

ஒட்டிவிட்டால் கொடுத்ததுக்குச் சமம், வாய்தாவுக்கு வராவிட்டால் அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அந்த கோர்ட்டில் அப்போது இருந்த ஜட்ஜ் நல்ல மனிதர். வந்து நின்று, "ஆறு மாசம் டைம் குடுங்க ஐயா" என்று கேட்டவர்களை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. "அம்மா, கதவைத் திறந்து இதை வாங்கிக்குங்க, வர்ற திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வாங்க" என்று நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

நான் சொன்னது, "அதெல்லாம் பாத்துக்கலாம்மா."

ஏன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சொன்னால் கதவைத் திறப்பார். திறந்தால் அழுவார். யாரைப் பார்க்கணும், எந்த மாடி, என்ன சொல்லணும் என்று கேட்பார். அரை மணி நேரம் போகும். எனக்குப் பசித்தது. பையில் அதுதான் கடைசித் தாள். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று மூன்று நாளாகத் தேடினேன். மேலதிகாரி மிரட்டினார், வழக்குப் போட்ட வீட்டுக்காரர் பின்னால் நின்றார் என்று எதுவும் இல்லை. சட்டம், நாடு, ஒப்பந்தம் என்று நீ என்னைப் பெரிய இடத்தில் உட்காரவைத்திருக்கிறாய். நான் சாப்பாட்டு நேரத்தில் நின்ற ஆள்.

இன்னொன்றும் இருக்கிறது. சாட்சிக்கு எதிர்க்கடைத் தையல்காரரையும், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். 'பூட்டியிருந்தது' என்ற தாளில் அவர்கள் கையெழுத்துப் போடும்போது மூன்று பேருமே சிரித்தோம். கதவு மெல்லிய பலகைதான். நாங்கள் சிரித்தது உள்ளே கேட்டிருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. "என்னாச்சு?" என்றாள் உன் அம்மா. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று இதை வேடிக்கையாகச் சொன்னேன். தொடக்கத்தில் சிரித்தாள். பிறகு, "அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அப்புறம் அவள் அந்தக் கதைக்குச் சிரித்ததே இல்லை. நீ கவனித்திருப்பாய், நான் அதை ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதும் பொய். எனக்குத் தெரியும். அதனால்தான் மற்ற எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த வீட்டைக் காலி செய்கிற உத்தரவோடு வேறொருவர் போனார். "ஆள் இருந்தாங்களா?" என்று கேட்டேன். "கதவு திறந்தே கெடந்துச்சு" என்றார்.

பக்கத்தை எடுக்க வேண்டாம். ஆனால் அந்த 'நகைச்சுவை உணர்வுள்ள' என்பதை எடுத்துவிடு. அது என்னைப் பாராட்டுகிற மாதிரி இருக்கிறது.

அப்பா


மார்ச் 27

அப்பா,

நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். வழக்கமாக அங்கே அழுகிறவர்கள் பரீட்சைக்காக அழுவார்கள் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறேன். 'எனக்குப் பசித்தது' என்ற வரியைப் பேராசிரியை மூன்று தடவை படித்தார். இந்தத் துறையில் இந்தக் காரணத்தை எழுத்தில் பார்த்ததில்லை என்றார். என்னுடைய அந்த வில்லன் வரியை முழுதாகவே எடுத்துவிட்டேன். அது புத்திசாலித்தனமாக இருந்தது, உண்மையாக இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பதினோரு தடவை கூப்பிட்டபோதும் போன் என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எதிர் அறைக்காரி சாப்பிடக் கூப்பிட வந்து கதவைத் தட்டினாள். இந்த ஊரில் என் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நாற்காலி நகர்ந்த சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. யாராவது உள்ளே பார்த்துவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் காலடிச் சத்தம் குறைந்துகொண்டே போவதைக் கேட்டபோதுதான் அந்த அம்மாவைப் பற்றி நான் எழுதியதில் எதுவுமே இல்லை என்று புரிந்தது. பதினேழு பக்கத்தில் அவர் வெறும் 'பாதிக்கப்பட்ட தரப்பு'.

அவரையும் யாரும் கேட்கவில்லை, அப்பா. நீங்களும் கேட்கவில்லை, நானும்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?

மகள்


ஏப்ரல் 9

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்ட கேள்விக்கு உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்ல முடியாது. பரணில் இருந்த பழைய பையை எடுத்துத் துடைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு போகிற முதல் வேலை. உத்தரவு போட்டது நீ. அறிக்கை கீழே.

முதல் முறை, ஏப்ரல் 2, காலை. தெரு அடையாளம் தெரிந்தது. வீடும் இருக்கிறது. மரக்கதவு போய் இரும்புக் கதவு வந்திருக்கிறது, பூட்டு தொங்கியது. நான் ஒட்டிய உயரத்தில் இப்போது கூரியர் கம்பெனியின் ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. தட்டினேன். இரும்பில் தட்டினால் சத்தம் அதிகம், பதில் அதே அளவுதான்.

இரண்டாம் முறை, ஏப்ரல் 4, மாலை. பூட்டு. எதிரே தையல்கடை இன்னும் இருக்கிறது. அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதே தையல்காரர்தான், காது கொஞ்சம் மந்தம். என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த வீட்டில் முன்பு குடியிருந்த அம்மா எங்கே போனார் என்று கேட்டேன்.

"எந்த அம்மா?"

"கோர்ட் பேப்பர் ஒட்டினாங்களே, அவங்க."

முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! உள்ளேர்ந்துகிட்டே 'வீட்ல யாரும் இல்லீங்க'ன்னு சொன்னாங்களே, அந்தம்மாவா?" என்று மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். "எங்க போனாங்கன்னு தெரியலீங்களே. ஒரு தகரப்பெட்டியோட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதைப் பார்த்தேன். பேர்கூட ஞாபகமில்ல."

கதை மட்டும் இருக்கிறது. அதையும் நான்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்றாம் முறை, ஏப்ரல் 7, மதியம். அதே நேரத்துக்குப் போனேன். சாப்பிடாமல் போனேன். தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ரெக்கார்டு ரூம்காரர் பழைய கோப்புக் கட்டுகளில் தேடிப் பேரை எடுத்துக் கொடுத்திருந்தார். அந்தப் பேரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நீயும் எழுதாதே. அரை மணி நேரம் காத்திருந்தேன். பக்கத்து வீட்டில் விசாரித்ததில், இப்போது இருப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் பழைய ஆளைத் தெரியாது. 

கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து யாரும் 'வீட்டில் யாரும் இல்லை' என்று சொல்லவில்லை. பையில் தாளும் பசையும் இருந்தன. ஒட்டவில்லை.

அறிக்கை முடிந்தது. வழியில் டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போகிறேன். டைப்பிஸ்ட் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "கட்டுரை என்ன ஆச்சு?" என்று சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். வெட்டாமல். யாரும் சிரிக்கவில்லை. டீ ஆறிப்போனது.

எதிர் அறைப் பெண் மறுபடியும் தட்டினால் திற. இல்லை, நீயே போய்த் தட்டு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் பசிக்கிறது என்று சொல்.

இந்த அறிக்கைக்கு இரண்டு சாட்சி வேண்டும். சிரிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனவள் ஒருத்தி இருந்தாள், அவளிடம் கையெழுத்து வாங்க வழியில்லை. அவள் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். இரண்டாவது இடம் உனக்கு. முழுவதும் படித்துப் பார். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம், போட்டால் என்ன ஆகும் என்று சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேள். எந்த நேரமானாலும் எடுப்பேன், எவ்வளவு நேரமானாலும் சொல்வேன். அதற்குப் பிறகு, சரி என்று பட்டால் மட்டும் போடு.

அப்பா